ஆற்றோரக் காடும் அணையின் நீர்மட்டமும்

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் மேற்கே நிற்கும் மலைத்தொடருக்கு இரண்டு முகங்கள் உண்டு. மேற்கு முகம் தென்மேற்குப் பருவமழையை நேரே வாங்கிக்கொண்டு என்றும் பசுமை மாறாத காடுகளைத் தாங்கி நிற்க, கிழக்கு முகம் அந்த மழையின் மிச்சத்தை மட்டும் பெற்று, ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வரும் வடகிழக்குப் பருவமழையை நம்பி வாழ்கிறது. மலை குறுக்கே நின்று மழைமேகத்தை மறித்துவிடுவதால் மறுபுறத்தில் மழை குறைந்துபோகும் இந்த நிலையைப் புவியியலார் மழைமறைவு என்பர். ஆண்டில் சில மாதங்கள் மட்டும் மழை பெற்று, மற்ற மாதங்களெல்லாம் காய்ந்து கிடக்கும் இத்தகைய நிலத்தில், உடலின் நீரைக் காத்துக்கொள்ளும் பொருட்டு இலைகளை உதிர்த்துவிட்டு நிற்கும் மரங்களின் தொகுதியே வறண்ட இலையுதிர் காடு. அதைவிடவும் மழை குன்றிய அடிவாரத்தில் வேலும் உசிலும் குட்டை மரங்களும் மிகுந்து முட்காடு அமைகிறது. இந்தியக் காடுகளை வகைப்படுத்தி சாம்பியன், சேத் ஆகிய இருவரும் 1968இல் வெளியிட்ட நூல் இவ்விரண்டையும் தனித்தனி வகைகளாகவே பிரித்துக் காட்டுகிறது. ஏறத்தாழ 100 மீட்டர் உயரத்தில் தொடங்கி 1,800 மீட்டர் வரை ஏறும் இந்த மலைச்சரிவில், ஒருவர் காலையில் முட்காட்டில் புறப்பட்டு மாலைக்குள் மலைமேல் பசுமை மாறாத சோலைக்காட்டை அடைந்துவிட முடியும் என்பதே இப்பகுதியின் தனிச் சிறப்பு.

சோலைக்காட்டைக் காப்பதற்கு வாதாட வேண்டிய தேவை இப்போது பெரிதாக இல்லை. அதன் பசுமையே அதற்காகப் பேசிவிடுகிறது. வறண்ட காட்டின் நிலை வேறு. பங்குனியில் பார்த்தால் அது எரிந்து முடிந்த இடம் போலத் தோன்றுவதால், அதைப் பொட்டல் என்றும் தரிசு என்றும் எழுதிவிடுவது ஆவணங்களுக்கு எளிதாக இருந்துவந்திருக்கிறது. பழந்தமிழ் இலக்கியம் இந்த விஷயத்தில் கூடுதல் கவனத்தோடு நடந்துகொண்டது எனலாம். சிலப்பதிகாரம் பாலையை நிலையானதொரு தனி நிலமாகக் கொள்ளாமல், வெயில் மிகுந்த காலத்தில் முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து கொள்ளும் வடிவமாக விளக்குகிறது. இலை உதிர்ந்து நிற்பது காட்டின் ஒரு பருவம் என்ற புரிதல் அதில் அடங்கியிருக்கிறது. இன்றைய சூழலியல் சொல்வதும் ஏறத்தாழ அதையே. வறண்ட காட்டின் விலங்குகள் எண்ணிக்கையிலும் வகையிலும் குறைந்தவையல்ல. அவை ஆண்டின் ஒரு பகுதியில் காடு முழுவதும் பரவியும், மறுபகுதியில் நீர் இருக்கும் இடங்களில் ஒடுங்கியும் வாழ்கின்றன. அவை ஒடுங்கும் இடம் எது என்பதே அணைகளைப் பற்றிய எந்தப் பேச்சுக்கும் முதற் கேள்வியாக இருக்க வேண்டும்.

அந்த இடம் பெரும்பாலும் ஆற்றோரக் காடு. ஓடையின் இருகரைகளிலும், தரைக்குக் கீழே தங்கும் ஈரத்தை வேரால் எட்டிப்பிடித்து, சுற்றியுள்ள காடு முழுவதும் மொட்டையாக நிற்கும் சித்திரையிலும் தழைத்து நிற்கும் நீர்மருது, நாவல், புங்கம், அத்தி, மா, புளி முதலிய மரங்களின் பட்டையான வரிசையையே ஆற்றோரக் காடு என்பது குறிக்கும். அதன் அகலம் சில இடங்களில் நூறு மீட்டரைக்கூடத் தொடுவதில்லை. வரைபடத்தில் அது ஒரு கோடு. ஆயினும் மலையிலிருந்து இறங்கும் யானைக்கு நிழலும் நீரும், மானுக்கு விழுந்த பழமும், இருவாட்சிக்கும் புறாக்களுக்கும் அத்திக்கனியும், தேனீக்குக் கூடு கட்ட உயர்ந்த கிளையும் கோடையில் அந்தக் கோட்டிலேதான் கிடைக்கின்றன. செண்பகத்தோப்பிலும் அய்யனார் கோயில் பகுதியிலும் வாழும் பளியர் குடியினரின் தேனெடுப்பும் கிழங்ககழ்வும் இந்த ஓடைகளை ஒட்டியே நெடுங்காலம் நடந்துவந்தன. வத்திராயிருப்புப் பக்கத்தில் ஓடும் அர்ச்சுனா நதியின் பெயரைக் கேட்கும்போது, மருதமரத்துக்கு வடமொழியில் அர்ச்சுனம் என்று பெயர் இருப்பது நினைவுக்கு வராமல் போகாது. பெயர்க்காரணம் எதுவாயினும், அந்த மரத்துக்கும் இந்தக் கரைகளுக்கும் உள்ள உறவு மெய்.

இந்தக் கோட்டை நம்பியே உயிர்வாழும் விலங்கு ஒன்று இப்பகுதியின் சரணாலயத்துக்கே பெயரைக் கொடுத்திருக்கிறது. சாம்பல் நிற மலையணில், நரையணில் என்றெல்லாம் வழங்கப்படும் அந்த அணில், வாலையும் சேர்த்து ஏறத்தாழ முக்கால் மீட்டர் நீளமுள்ளது. வீட்டுக் கூரையில் ஓடும் அணிலோடு ஒப்பிட்டால் பூனைக்குட்டி அளவு என்றே சொல்ல வேண்டும். அது தரையில் இறங்குவது அரிது. ஒரு மரத்தின் கிளை அடுத்த மரத்தின் கிளையைத் தொட்டுக்கொண்டிருக்கும் வரையில் அது செல்லும். தொடர்பு அறுந்த இடத்தில் அதன் உலகம் முடிந்துவிடுகிறது. மரங்களின் உச்சிகள் ஒன்றோடொன்று கோத்து அமைக்கும் இந்தப் பசும்பந்தலைத் தாவரவியலில் விதானம் என்பர். இலைகளையும் சுள்ளிகளையும் சேர்த்து, பறவைக்கூடு போன்ற கூட்டை இந்த அணில் கட்டுவதும், நாலாபுறமும் தப்பியோட வழி இருக்கும்படி விதானம் கூடிய மரத்திலேயே. ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த அழகர்கோயில் பள்ளத்தாக்கில் இந்த அணிலை ஆராய்ந்த ஜோஷுவாவும் ஜான்சிங்கும் 1994இல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரை, மனித நடவடிக்கைகளால் அதன் வாழிடம் எவ்வாறு சிதைகிறது என்பதையே மையப் பொருளாகக் கொண்டது. சரணாலயத்தின் எல்லைக்கு வெளியே உள்ள மாந்தோப்புகளிலும் தென்னந்தோப்புகளிலும் அணில் இறங்கிவிடுவதால் தோட்டக்காரர்களுக்கு அதன் மேல் வருத்தம் உண்டு; ஆனால் அந்தத் தோப்புகளே காட்டின் விதானத்தை அடிவாரம் வரை நீட்டிக்கொடுக்கின்றன என்பதும் உண்மை. செண்பகத்தோப்பு என்ற ஊர்ப்பெயரே காடும் தோப்பும் ஒன்றையொன்று தொட்டு நின்றதற்குச் சான்று.

உலகில் இந்த அணில் வாழ்வது தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே. தென்னிந்தியாவிலும் அது எங்கும் பரவியிருப்பதில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் மலை, கேரளத்தின் சின்னாறு, காவிரியாற்றின் கரைகள் என்று, நடுவே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் இடைவெளி விட்ட சில துண்டுகளில் மட்டும் காணப்படுகிறது. இந்தத் துண்டுகளுக்குள்ள பொதுத்தன்மை கவனிக்கத்தக்கது: வறண்ட காடு, அதன் நடுவே வற்றாத அல்லது வற்றத் தயங்கும் ஓர் ஆறு, அந்த ஆற்றின் கரையில் உயர்ந்த மரங்கள். அணை கட்டுவதற்குப் பொறியாளர் தேடும் இடத்தின் இலக்கணமும் ஏறத்தாழ இதுவே ஆகும். இருபுறமும் மலை நெருங்கிய குறுகிய வாய், அதற்கு மேலே அகன்ற பள்ளத்தாக்கு, ஆண்டில் பெரும்பகுதி ஓடும் நீர் ஆகிய மூன்றும் கூடிய இடத்தில் அணை மலிவாக அமையும். பொறியாளரும் அணிலும் ஒரே இடத்தை விரும்புகிறார்கள் என்பதில்தான் இந்தச் சிக்கலின் வேர் இருக்கிறது.

அணையின் நீர் பள்ளத்திலிருந்து மேல்நோக்கி ஏறுவதால், முதல் அடியிலேயே மூழ்குவது ஆற்றோரக் காடு. பிறகுதான் சரிவிலுள்ள இலையுதிர் காட்டை அது எட்டுகிறது. திட்ட அறிக்கை இத்தனை ஹெக்டேர் காடு மூழ்கும் என்று ஒரே எண்ணில் சொல்லிவிடும்போது, அந்த எண்ணுக்குள் கோடைக்காலத்துக் காடு எவ்வளவு, மழைக்காலத்துக் காடு எவ்வளவு என்ற பிரிவு மறைந்துவிடுகிறது. ஆயிரம் ஹெக்டேர் மூழ்கி, அதில் நூறு ஹெக்டேரே ஆற்றோரக் காடாக இருந்தாலும், சுற்றிலும் மூழ்காமல் எஞ்சும் பத்தாயிரம் ஹெக்டேர் காட்டின் கோடைப் புகலிடம் அந்த நூறாகவே இருந்திருக்கக்கூடும். இழப்பீடாக வேறோரிடத்தில் மரம் நடும் ஏற்பாட்டுக்கு ஈடுசெய் காடுவளர்ப்பு என்று பெயர். பொட்டல் மேட்டில் நட்ட கன்றுகள் நூறாண்டு மருதமரத்துக்கு ஈடாகும் என்ற கணக்கு காகிதத்தில் மட்டுமே சரிவரும்.

நீரைத் தேக்கினால் கரையில் புதிய ஆற்றோரக் காடு வளராதா என்று கேட்பதுண்டு. தேக்கத்தின் நீர்மட்டம் மழைக்காலத்தில் ஏறிக் கோடையில் பல மீட்டர் இறங்குவதால், இடைப்பட்ட கரை ஒரு பருவத்தில் நீருக்குள்ளும் மறு பருவத்தில் வெயிலிலும் கிடந்து, உயர்ந்த மரம் எதுவும் வேரூன்ற இடங்கொடாத சேற்றுப்பட்டையாகவே நின்றுவிடுகிறது. அணைக்குக் கீழேயுள்ள கரையின் கதை இன்னும் மெதுவாக நடப்பதால் யார் கண்ணிலும் படுவதில்லை. ஆண்டுதோறும் வந்த வெள்ளம் வண்டலைக் கொண்டுவந்து பரப்பும்; மருதும் நாவலும் அந்த ஈர வண்டலில்தான் முளைக்கும். அணை வெள்ளத்தையும் வண்டலையும் பிடித்து வைத்துக்கொண்டபின் பழைய மரங்கள் பல ஆண்டுகள் நின்றுகொண்டிருக்கும், இளங்கன்றுகள் மட்டும் இரா. பிள்ளைகள் இல்லாத ஊரைப் போல அந்தக் காடு முதிர்ந்து முடியும்.

இவ்வளவு சொல்வதால் இப்பகுதி உழவர்களின் தண்ணீர்த் தேவையைச் சிறிதாக்கிவிட முடியாது. வைப்பாற்று வடிநிலம், அதாவது வைப்பாற்றிலும் அதன் கிளையாறுகளிலும் மழைநீர் வந்து சேரும் நிலப்பரப்பு முழுவதும், தமிழகத்தின் நீர்க்குறை மிகுந்த பகுதிகளுள் ஒன்று. 1970களில் வத்திராயிருப்புக்கு மேற்கே பிளவக்கல் திட்டத்தில் பெரியாறு அணையும் கோவிலாறு அணையும் எழுந்தன. பெயரொற்றுமையால் முல்லைப்பெரியாற்றோடு குழப்பிக்கொள்ளப்படும் இந்தப் பிளவக்கல் பெரியாறு அணையின் உயரம் 47.56 அடி மட்டுமே. தெற்கே தேவதானத்துக்கு அருகில் சாஸ்தா கோயில் நீர்த்தேக்கமும், ராஜபாளையம் நகரின் குடிநீருக்கு ஆறாவது மைல் நீர்த்தேக்கமும் மலையின் அடியிலேயே அமைந்துள்ளன. இவையெல்லாம் சிறியவை, ஒரு பள்ளத்தாக்கின் வாயை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்பவை. இவற்றால் காட்டுக்குச் சேதமே நேரவில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் வயல்கள் விளைந்ததையும் நகரம் குடித்ததையும் மறைத்துவிட்டுச் சேதத்தை மட்டும் பேசுவதும் நேர்மையாகாது.

இவற்றுக்கு மேல் இன்னும் வேண்டும் என்ற கோரிக்கைகளே இன்றைய விவாதத்தின் களம். மலையின் மேற்கே வழிந்து கேரளத்துக்குச் செல்லும் நீரின் ஒரு பகுதியைக் கிழக்கே திருப்ப ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கிலுள்ள மலையில் அழகர் அணையைக் கட்டித்தர வேண்டும் என்று வட்டார உழவர்கள் பல பத்தாண்டுகளாகக் கேட்டுவருகின்றனர். தேர்தல் தோறும் அந்தப் பெயர் மேடையேறி இறங்குகிறது. காட்டழகர் கோயில் கொண்டிருக்கும் மலை என்பதால் வந்த பெயர் அது. தெற்கே வாசுதேவநல்லூர், சிவகிரி வட்டாரத்தினர், உடைந்து கிடக்கும் செண்பகவல்லி அணையைச் சீர்செய்யக் கோருகின்றனர். இவ்விரண்டிலும் பின்னது மன்னர் காலத்து ஏற்பாடு ஒன்றைப் புதுப்பிப்பது. நீரைத் தேக்குவதைவிடத் திருப்பிவிடுவதே அதன் வேலை. ஆகவே இரண்டையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. தேக்கும் அணை பள்ளத்தாக்கை எடுத்துக்கொள்கிறது. திருப்பும் அணை, தாழ்ந்த சுவராக ஆற்றுக்குக் குறுக்கே நின்று, மூழ்கடிப்பது சிறிதாக இருக்க, கீழ்ப்பக்கத்து ஓடையின் கோடை ஒழுக்கை எவ்வளவு குறைக்கிறது என்பதைப் பொறுத்தே தீங்கு செய்கிறது. இந்த வேறுபாட்டை அணை ஆதரவாளர்களும் எதிர்ப்பாளர்களும் ஒருசேரப் புறக்கணித்துவருவது வருந்தத்தக்கது.

எல்லாவற்றிலும் பெரியது பம்பை – அச்சன்கோயில் – வைப்பாறு இணைப்புத் திட்டம். தேசிய நீர்வள மேம்பாட்டு முகமை 1995இல் இதன் சாத்தியக்கூறு அறிக்கையை முடித்தது. பம்பை, அச்சன்கோயில் ஆகிய இரு ஆறுகளிலிருந்து ஆண்டுக்கு 63.4 கோடி கனமீட்டர் நீரை மலையைக் குடைந்த சுரங்க வழியாகக் கிழக்கே கொண்டுவந்து, அன்றைய திருநெல்வேலி, தூத்துக்குடி, விருதுநகர் மாவட்டங்களில் 91,400 ஹெக்டேருக்குப் பாசனம் தருவதும், 508 மெகாவாட் மின்சாரம் எடுப்பதும் அதன் நோக்கம். இதற்காகக் கேரளக் காடுகளில் எழ வேண்டிய இரு பேரணைகளின் உயரம் ஏறத்தாழ 150, 160 மீட்டர். பிளவக்கல் பெரியாறு அணையைப் போல் பத்து மடங்குக்கும் மேல். மூழ்கக்கூடிய காடு ஏறத்தாழ 2,000 ஹெக்டேர். நதிகளை இணைக்கும் பணியை முன்னெடுக்கும்படி உச்ச நீதிமன்றம் 2012 பிப்ரவரியில் தீர்ப்பளித்த பின்னரும், உபரி நீர் எதுவும் தன் ஆறுகளில் இல்லை என்று கேரளம் தொடர்ந்து மறுத்துவருவதால் திட்டம் காகிதத்திலேயே இருக்கிறது.

மூழ்குவது மேற்குச் சரிவின் ஈரக்காடுதானே, கிழக்குச் சரிவின் வறண்ட காட்டுக்கு இதில் என்ன கெடுதி என்று எண்ணுவது இயல்பு. விடை அச்சன்கோயில் அமைந்துள்ள இடத்தில் இருக்கிறது. பெரியாறு, ஸ்ரீவில்லிபுத்தூர் மலைகளுக்கும் தெற்கேயுள்ள களக்காடு முண்டந்துறை, அகத்தியமலைக் காடுகளுக்கும் நடுவே மலைத்தொடர் தாழ்ந்து செங்கோட்டைக் கணவாயாகிறது. அந்தத் தாழ்வில் தேசிய நெடுஞ்சாலையும் புனலூர் – செங்கோட்டை இருப்புப்பாதையும் தோட்டங்களும் ஊர்களும் ஏற்கெனவே நிறைந்துவிட்டதால், புலியும் யானையும் வடக்கிலிருந்து தெற்கே கடப்பது மிக அரிதாகியிருக்கிறது. ஒரு விலங்குக் கூட்டம் மற்றொன்றோடு கலக்க முடியாமல் தனித்துப்போனால், நாளடைவில் நெருங்கிய உறவுக்குள்ளேயே இனப்பெருக்கம் நடந்து வலுக்குன்றும்; இதனைத் தவிர்க்கும் காட்டுத் தொடர்ச்சியையே வழித்தடம் என்கின்றனர். அச்சன்கோயில் காடு அந்தக் கணவாயின் வடகரை. அங்கே ஒரு பெருந்தேக்கம் அமைந்தால், ஏற்கெனவே ஒடுங்கிய வழி இன்னும் ஒடுங்கும். சுரங்கத்திலிருந்து கிழக்கு அடிவாரத்து மேக்கரைப் பக்கம் வெளிவரும் நீரை வடக்கே கொண்டுசெல்ல ஏறத்தாழ 50 கிலோமீட்டர் கால்வாய் வேண்டும். 2015இல் அறிவிக்கப்பட்ட நெல்லை வனவிலங்கு சரணாலயத்தின் அடிவாரமும் அந்தப் பக்கத்திலேதான் இருக்கிறது. செங்குத்தான காங்கிரீட் சுவர் கொண்ட கால்வாயில் மான் இறங்கினால் ஏற முடியாது; யானைக்கூட்டம் வழக்கமான வழி அடைபட்டதால் ஊர்ப்பக்கம் திரும்பும். அணையின் தீமை பெரும்பாலும் அணைக்கட்டில் முடிந்துவிடுவதில்லை. கால்வாய், சாலை, கல்குவாரி, மின்கம்பி, தொழிலாளர் குடியிருப்பு என்று அது காட்டுக்குள் நீண்டுகொண்டே போகிறது.

இவ்விடத்தில் தமிழ்நாட்டுப் பொதுக்கருத்தின் முரண்பாடு ஒன்றைச் சுட்டாமல் கடப்பது சரியாகாது. காவிரியில், ஆர்க்காவதி வந்து கலக்கும் இடத்துக்குக் கீழே மேக்கேதாட்டுவில் 67.16 டிஎம்சி கொள்ளளவுள்ள அணை கட்டக் கர்நாடகம் முனைகிறது. டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி. அதனால் மூழ்கக்கூடிய ஏறத்தாழ 5,000 ஹெக்டேர் காட்டில் 3,000 ஹெக்டேருக்கு மேல் காவிரி வனவிலங்கு சரணாலயத்தைச் சேர்ந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரின் அதே சாம்பல் நிற அணில், அதே நீர்மருத மரங்களில், அங்கேயும் கூடு கட்டி வாழ்கிறது. ஆற்றின் இக்கரையில் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டக் காடுகளில் 686 சதுர கிலோமீட்டரைத் தமிழ்நாடு அரசு 2022இல் காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயமாக அறிவித்தது. மேக்கேதாட்டுவைத் தமிழ்நாடு எதிர்ப்பது டெல்டாவின் நீருரிமைக்காக. அதில் தவறேதும் இல்லை. ஆனால் அங்கே காடு மூழ்குவதைத் துணைவாதமாக எடுத்துக்கொள்ளும் குரல்கள், பம்பையிலும் அச்சன்கோயிலிலும் காடு மூழ்குவதைப் பற்றி வாய் திறப்பதில்லை. நீர் நம் பக்கம் வருமானால் காடு அயலாருடையது, நீர் நம்மைவிட்டுப் போகுமானால் காடு இயற்கையின் கொடை என்ற வழக்கு நெடுநாள் நில்லாது. மாநில எல்லை மலையின் நீர்பிரி கோட்டில் ஓடலாம். யானையின் ஓர் ஆண்டுச் சுற்று அந்தக் கோட்டைப் பலமுறை கடந்தே முடிகிறது.

வறண்ட காட்டில் பேரணைகள் கட்டிய பட்டறிவு அண்டையிலேயே இருக்கிறது. இலங்கையில் 1970களின் இறுதியில் விரைவுபடுத்தப்பட்ட மகாவலித் திட்டம், உலர்வலயம் எனப்படும் குறைமழைப் பகுதியின் காடுகளை வயல்களாகவும் குடியேற்றங்களாகவும் மாற்றியது. அந்த உலர்வலயம் சாம்பல் நிற அணிலின் இலங்கை வாழிடங்களுள் ஒன்று. அங்குள்ள துணையினத்தின் அறிவியற்பெயர்கூடத் தண்டு லேனா என்ற சிங்களப் பெயரிலிருந்தே வந்தது. காடிழந்த விலங்குகளுக்கு மாற்றிடமாக 1983இல் மாதுறு ஓயா, 1984இல் வஸ்கமுவ, 1986இல் சோமாவதிய ஆகிய தேசியப் பூங்காக்கள் அமைக்கப்பட்டன. திட்டத்தோடு சேர்த்தே பூங்காக்களை வகுத்தது அக்காலத்துக்கு முன்னேறிய சிந்தனைதான். எனினும் யானை எல்லைக்கல்லைப் பார்த்து நிற்பதில்லை. அந்நாட்டில் மனிதரும் யானையும் மோதிக்கொள்வதால் இன்று ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கான யானைகளும் பல மனிதரும் மடிவதற்கு, வறண்ட காட்டின் நீர்நிலைகளையும் தாழ்நிலங்களையும் மனிதர் எடுத்துக்கொண்டதும் ஒரு காரணம். இந்தியாவில் நதியிணைப்பின் முதல் திட்டமான கென் – பேட்வா இணைப்புக்கு 2024 டிசம்பர் 25இல் அடிக்கல் நாட்டப்பட்டது. 77 மீட்டர் உயரமுள்ள தௌதன் அணை எழும் இடம், மத்திய இந்திய வறண்ட காடான பன்னா புலிகள் காப்பகம். 2009இல் ஒரு புலிகூட இல்லாமல் போய், வெளியிலிருந்து புலிகளைக் கொண்டுவந்து விட்டு மீட்டெடுத்த காடு அது.

மறுதட்டில் வைக்கத்தக்க சான்று ஒன்றும் உண்டு. அதை ஒளிப்பது நியாயமன்று. ஸ்ரீவில்லிபுத்தூர் மலையின் மறுபுறத்திலேயே, 1895இல் நிறைவடைந்த முல்லைப்பெரியாறு அணையால் உருவான ஏரியைச் சுற்றித்தான் பின்னாளில் பெரியாறு சரணாலயமும், 1978இல் புலிகள் காப்பகமும் அமைந்தன. ஏரிக்கரையில் யானைகள் கூட்டமாக நிற்கும் படங்களைப் பார்த்தவர்கள் அணை காட்டுக்கு நன்மையே செய்யும் என்று முடிவுகட்டுவதில் வியப்பில்லை. ஆனால் அங்கே மூழ்கிய பள்ளத்தாக்கில் என்னென்ன இருந்தன என்பதை யாரும் கணக்கெடுத்து வைக்கவில்லை; எஞ்சியது நன்றாகத் தெரிவதால் போனது தெரியாமல் போயிற்று. மேலும், ஏரியைச் சுற்றிப் பல நூறு சதுர கிலோமீட்டர் மழைக்காடு உடையாமல் இருந்ததாலேயே விலங்குகள் அந்த இழப்பைத் தாங்கின. கிழக்குச் சரிவிலோ காடு என்பதே மலைக்கும் வயலுக்கும் இடையில் கிடக்கும் ஒல்லியான பட்டை, பின்வாங்க இடமில்லை.

சட்டத்தைப் பொறுத்தவரை இன்றைய நிலை தெளிவாகவே உள்ளது. 1988இல் ஏறத்தாழ 480 சதுர கிலோமீட்டரில் அறிவிக்கப்பட்ட சாம்பல் நிற அணில் சரணாலயமும், வடக்கே தேனி மாவட்டத்து மேகமலை சரணாலயமும் இணைந்து 2021 பிப்ரவரியில் ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகமாயின; ஆயிரத்துச் சொச்சம் சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அது தமிழ்நாட்டின் ஐந்தாவது காப்பகம். வைகையின் நீர்ப்பிடிப்பைக் காப்பதும் அதன் பயன்களுள் ஒன்றாக அப்போது பேசப்பட்டது என்பதை அணை கேட்போர் நினைவில் கொள்ளலாம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 29ஆம் பிரிவு, சரணாலயத்துக்குள் வரும் நீரையோ அதிலிருந்து வெளியேறும் நீரையோ திருப்புவதையும் தடுப்பதையும், ஏன், மிகுவிப்பதையும்கூடத் தலைமை வனவிலங்குக் காப்பாளரின் அனுமதியின்றிச் செய்யக் கூடாது என்கிறது. அந்த அனுமதியும், காட்டுயிர்களின் மேம்பாட்டுக்கு அச்செயல் தேவை என்று மாநில அரசு, மாநில வனவிலங்கு வாரியத்தைக் கலந்து முடிவுசெய்தால் மட்டுமே தரத்தக்கது. மனிதரின் பாசனத் தேவை இந்தப் பிரிவில் ஒரு காரணமாகவே குறிப்பிடப்படவில்லை. புலிகள் காப்பகமாகிவிட்ட நிலத்தை வேறு பயனுக்கு மாற்ற வேண்டுமானால், தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையத்தின் ஆலோசனையும் தேசிய வனவிலங்கு வாரியத்தின் ஒப்புதலும் கூடுதலாக வேண்டும். பன்னாவில் இந்தப் படிகளெல்லாம் ஏறிக் கடக்கப்பட்டன என்பதையும் உடன் சொல்லியாக வேண்டும். சட்டம் கதவுதான், பூட்டு அன்று.

அப்படியானால் உழவருக்குத் தண்ணீர் எங்கிருந்து வரும் என்ற கேள்வி நிற்கிறது. இந்த மலையின் ஓடைகள் ஆண்டு முழுவதும் சீராக ஓடுபவையல்ல. வடகிழக்குப் பருவத்தின் சில நாள்களில், சில வேளைகளில் சில மணி நேரத்தில், கொட்டித் தீர்த்துவிடுபவை. 2015 மே மாதம் சதுரகிரி மலைக்கோயிலுக்குச் சென்ற பக்தர்கள் திடீர் வெள்ளத்தில் உயிரிழந்தது அந்த இயல்பின் கொடிய முகம். இப்படி ஓடும் நீரைப் பிடிக்க முன்னோர் கண்ட கருவி கண்மாய். மலையடியில் தொடங்கி, ஒன்று நிறைந்து மறுகால் பாய்ந்தால் அடுத்ததை நிரப்பும்படி சங்கிலித்தொடராக அவை அமைந்துள்ளன. மறுகால் என்பது நிறைந்த கண்மாயின் மிகைநீர் வெளியேறும் வழி. ஸ்ரீவில்லிபுத்தூரின் பெரியகுளம் கண்மாயும் அத்தகைய தொடர்களைச் சேர்ந்ததே. இவற்றின் இன்றைய நிலையை விரித்துரைக்கத் தேவையில்லை. கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் வரத்துக்கால்கள் மனைகளாகவும் சாலைகளாகவும் குறுகின; உட்பரப்பில் வண்டலும் சீமைக்கருவேலமும் ஏறின; 2017இல் அரசு மீண்டும் தொடங்கிய, ஊரார் பங்கேற்று நீர்நிலைகளைப் பழுதுபார்க்கும் குடிமராமத்து சில இடங்களில் கரையை உயர்த்தியது, வரத்துக்காலை மீட்பதை எட்டவில்லை. திறந்த நீர்ப்பரப்பிலிருந்து இந்த வெயிலில் ஆண்டுக்கு ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் வரை ஆவியாகிவிடும் என்பது கண்மாய்க்கு எதிராக அடிக்கடி சொல்லப்படும் வாதம். அந்த வாதம் நீர்த்தேக்கத்துக்கும் பொருந்தும். ஆனால் கண்மாயில் ஆவியாகாத நீர் கீழிறங்கி, அடுத்த ஊரின் கிணற்றுக்குச் சென்றுசேர்கிறது. ஆழமான ஒரே தேக்கத்தில் ஆவியாதல் விகிதம் குறைவு என்பதை ஒப்புக்கொண்டாலும், புதிய பள்ளத்தாக்கு எதையும் மூழ்கடிக்காமல் கையில் உள்ள கொள்ளளவை மீட்கும் வாய்ப்பை முழுவதும் பயன்படுத்திய பின்னரே மலைமேல் அணை என்ற பேச்சு எழ வேண்டும். கண்மாய் தூர்வாருவதற்கு அடிக்கல் விழா பெரிதாக அமைவதில்லை என்பதே அதன் மிகப் பெரிய குறை போலும்.

அதன் பின்னும் அணை வேண்டும் என்ற முடிவுக்கே வந்தாலும், அதற்கு முன்னோடியாக நடக்கும் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு, அதாவது திட்டத்தால் நிலம், நீர், உயிர்களுக்கு நேரும் விளைவுகளை முன்கூட்டி அளக்கும் ஆய்வு, எந்த மாதத்தில் செய்யப்படுகிறது என்பதைக் கேட்க வேண்டும். கார்த்திகையில் எண்ணினால் யானையும் மானும் காடெங்கும் சிதறியிருக்கும். பள்ளத்தாக்கு வெறும் பள்ளத்தாக்காகத் தெரியும். பங்குனியிலும் சித்திரையிலும், ஓடை குட்டைகளாகச் சுருங்கிய பின், அணையின் முழு நீர்மட்டம் எட்டக்கூடிய உயரத்தைக் கரையோர மரங்களில் குறியிட்டு, அந்தக் குறிக்குக் கீழே எத்தனை கூடுகள், எத்தனை காய்க்கும் மரங்கள், எத்தனை யானைத் தடங்கள் என்று எண்ணினால் கிடைக்கும் கணக்கு வேறாக இருக்கும்.